ஹெலினாவின் 24 பேர்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்குத் தலைநகர் ஹெலினா. தலைநகர் என்றாலும் சிறிய ஊர்தான். 2002-இல் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து எழுபதாயிரம் பேர்கூடத் தேறவில்லை. பக்கத்தில் வேறு பெரிய ஊர் இல்லாததால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுபவர் யாராயிருந்தாலும் வந்து சேருவது ஒரே மருத்துவமனைக்குத்தான். 2002 ஜூனில் இந்த நகரம் பணியிடம், உணவகம், மதுக்கூடம் எல்லாவற்றிலும் கூரைக்குக் கீழே புகைபிடிப்பதைத் தடை செய்தது. டிசம்பர் தொடக்கத்தில் எதிர்த்தரப்பு நீதிமன்றம் போய் அதை நிறுத்திவைத்தது. சட்டம் வந்து ஆறு மாதம் இருந்து, போய்விட்டது.

உள்ளூர் மருத்துவர்கள் இருவருக்கு இது கண்ணில் பட்டது. ரிச்சர்ட் சார்ஜென்ட், ராபர்ட் ஷெப்பர்ட் என்ற அந்த இருவரும், புகையிலை நிறுவனங்களோடு நெடுங்காலம் மல்லுக்கு நின்ற கலிஃபோர்னியப் பேராசிரியர் ஸ்டான்டன் கிளான்ட்ஸும் சேர்ந்து மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். மற்ற ஆண்டுகளில் இதே ஆறு மாதங்களில் மாரடைப்பென்று சேர்க்கப்பட்ட ஹெலினாவாசிகள் சராசரியாக 40 பேர். தடை இருந்த ஆறு மாதங்களில் 24 பேர். நகர எல்லைக்கு வெளியே வசித்தவர்களிடம் அப்படி ஒரு குறைவும் இல்லை. கொஞ்சம் கூடியிருந்தது என்றே சொல்ல வேண்டும். 2003-இல் இதய மருத்துவர்கள் மாநாட்டில் முதலில் இதைச் சொன்னபோது குறைவு ஏறத்தாழ 60% என்றார்கள். 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அச்சேறியபோது அது 40% ஆகியிருந்தது. உலகத்துச் செய்தித்தாள்களெல்லாம் எழுதின. புகைத்தடை கோரி எந்த நகரமன்றத்தின் கதவைத் தட்டியவர் கையிலும் அதன்பிறகு ஹெலினா இருந்தது.

ஒரு நகரத்தின் புகைத்தடையால் என்ன விளைந்தது என்று அளப்பது எப்படி என்ற கேள்வியை நான் இங்கிருந்தே தொடங்க விரும்புகிறேன். ஏனென்றால் இந்தத் துறையின் வலு, பலவீனம் இரண்டும் அந்த 24 பேருக்குள் இருக்கின்றன.

மாதக் கணக்கில் பிரித்துப் பாருங்கள். மாதத்துக்கு ஏழு பேர் வந்த இடத்தில் நான்கு பேர் வந்திருக்கிறார்கள். இவ்வளவு சிறிய எண்கள் எந்தச் சட்டமும் இல்லாமல் தாமாகவே ஏறி இறங்கும். ஒரு குளிர்காலம் இதமாக இருந்தால், ஒரு ஃப்ளூ பருவம் லேசாகப் போனால் போதும். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. அவர்கள் கொடுத்த நம்பக எல்லையின்படி உண்மையான குறைவு ஏறக்குறைய 32 பேராகவும் இருக்கலாம், கிட்டத்தட்டச் சுழியாகவும் இருக்கலாம். கட்டுரையில் இந்த வரி இருந்தது. தலைப்புச் செய்திகளில் இல்லை.

இரண்டாவது சிக்கல் எளிய கணக்கு. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பவருக்கு இதயநோய் ஆபத்து 25 முதல் 30% கூடும் என்கிறது அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் 2006 அறிக்கை. ஒரு பேச்சுக்கு, ஊரில் எல்லாருமே முன்பு புகைக்குள்தான் வாழ்ந்தார்கள் என்றும், சட்டம் வந்த மறுநாளே ஒருவர் மூக்கிலும் புகை ஏறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். புகையில்லாத ஊரில் 100 மாரடைப்பு என்றால் புகையுள்ள ஊரில் 130. 130-இலிருந்து 100-க்கு இறங்கினால் குறைவு 23%. எல்லாவற்றையும் மிகையாக வைத்துப் போட்ட கணக்கிலேயே 40 வரவில்லை. இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. நிக்கோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினைனை இரத்தத்தில் அளந்து பார்த்த ஆய்வுகள் ஆபத்து 50, 60% வரை கூடலாம் என்கின்றன. புகைப்பவர்களே தடையால் குறைத்துக்கொண்டிருக்கலாம், விட்டும் இருக்கலாம். அப்படிப் பார்த்தாலும் 40% என்பது கூரையைத் தொடும் எண்.

ஆனால் உடலியலில் சந்தேகம் வேண்டாம். புகைப் பழக்கமே இல்லாதவர்கள் அரை மணி நேரம் புகைமண்டிய அறையில் உட்கார்ந்தாலே இதயத் தமனியின் விரிந்துகொடுக்கும் திறன் குறைகிறது என்று ஜப்பானிய மருத்துவர்கள் 2001-இல் காட்டினார்கள். இரத்தத் தட்டணுக்கள் ஒட்டும் தன்மை பெறுகின்றன, குழாய்களின் உட்சுவர் விறைக்கிறது. புற்றுநோயைப் போல இருபது ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. புகை நின்றதும் சில வாரங்களில் பலன் தெரியலாம் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது. எவ்வளவு தெரியும் என்பதில்தான் சண்டை.

ஹெலினாவுக்குப் பிறகு கொலராடோ மாநிலத்துப் புவெப்லோ. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் பழைய இரும்பாலை நகரம். 2003 ஜூலையில் தடை. முதல் ஒன்றரை ஆண்டில் மாரடைப்புச் சேர்க்கை 27% குறைந்தது. மூன்று ஆண்டு முடிவில் லட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 257 என்பது 152 ஆகியிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த பக்கத்து எல் பாசோ மாவட்டத்தில் அந்தச் சரிவு இல்லை. ஹெலினாவைவிடப் பெரிய ஊர், நீண்ட காலம், ஒப்பீட்டுக்குப் பக்கத்து மாவட்டம். இதைத் தட்டிக்கழிப்பது கடினம். ஆனாலும் யார் புகைப்பவர், யார் இல்லை என்ற தகவல் அதில் இல்லை. குறைந்த மாரடைப்புகள் யாருடையவை என்று கேட்டால் கைவிரிக்க வேண்டியதுதான்.

அந்த ஓட்டையை அடைத்தது ஸ்காட்லாந்து. 2006 மார்ச் 26-இல் நாடு முழுவதும் தடை வருவதற்கு முன்பே ஆய்வுக் குழுவை அமர்த்தி, ஒன்பது மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் நேரில் கேட்டு, இரத்தத்தில் கோட்டினைன் அளந்து வைத்துக்கொண்டார்கள். நான் படித்தவரையில் இந்தத் துறையிலேயே அழகாக அமைக்கப்பட்ட ஆய்வு இதுதான். தடைக்கு முந்திய பத்து மாதங்களில் 3,235 பேர். பிந்திய பத்து மாதங்களில் 2,684 பேர். குறைவு 17%. அதே காலத்தில் தடை இல்லாத இங்கிலாந்தில் 4% மட்டும். புகைப்பவர்களிடம் குறைவு 14%, ஒருபோதும் புகைக்காதவர்களிடம் 21%. குறைந்த எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு, சிகரெட்டைத் தொடாதவர்களும் விட்டுவிட்டவர்களும்.

மறு ஆண்டு 2007 ஜூலை 1-இல் இங்கிலாந்தும் தடை கொண்டுவந்தது. நாட்டின் அவசரச் சேர்க்கைகள் முழுவதையும் எடுத்து, தட்பவெப்பம், ஃப்ளூ, கிறிஸ்துமஸ் விடுமுறை, ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த போக்கு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள். 2.4%. முதல் ஆண்டில் சுமார் 1,200 பேர் குறைவு.

40, 27, 17, 2.4. ஆய்வின் வலை பெரிதாகப் பெரிதாக எண் சிறுத்துக்கொண்டே போகிறது. இதற்கு இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, இங்கிலாந்தில் சட்டத்துக்கு முன்பே பெரும்பாலான அலுவலகங்கள் தாமாகப் புகையை விலக்கியிருந்தன. சட்டம் மாற்ற வேண்டிய மிச்சம் கொஞ்சம்தான். இன்னொன்று சங்கடமானது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஊர்கள் தடை போட்டன. அவற்றில் எந்த ஊரில் மாரடைப்பு மளமளவென்று குறைந்ததோ அந்த ஊர் மருத்துவர் பேனாவை எடுக்கிறார். கூடிய ஊரில் யார் கட்டுரை எழுதுவார்? ஷெட்டி, பட்டாச்சார்யா முதலிய பொருளியலாளர்கள் 2011-இல் இதைச் சோதித்தார்கள். நாடளாவிய தரவிலிருந்து ஹெலினா போன்ற சிறு சிறு ஒப்பீடுகளை எண்ணற்றவையாக உருவாக்கிப் பார்த்ததில், தடைக்குப் பின் பெரிய குறைவு தென்பட்ட அளவுக்கே பெரிய கூடுதலும் தென்பட்டது. மொத்தமாகப் பார்க்கையில் குறுகிய காலத்தில் கண்டுகொள்ளத்தக்க விளைவு இல்லை.

இதோடு இன்னொரு குழப்பமும் உண்டு. மாரடைப்பு என்பதன் வரையறையே அந்த ஆண்டுகளில் மாறியது. 2000-க்குப் பிறகு ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனை பரவியதால், முன்பு கணக்கில் வராத சிறு மாரடைப்புகளும் பதிவாகத் தொடங்கின. மறுபக்கம் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் பரவி உண்மையான மாரடைப்புகளைக் குறைத்துக்கொண்டிருந்தன. இரண்டு திசையில் இழுபடும் கயிற்றில் மூன்றாவதாகச் சட்டத்தின் இழுப்பைத் தனியே பிரிக்க வேண்டும்.

அமெரிக்க மருத்துவக் கழகம் 2009-இல் கூட்டிய வல்லுநர் குழு நியாயமாகவே தீர்ப்புச் சொன்னது: தடைக்கும் மாரடைப்புக் குறைவுக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் தாங்கள் பார்த்த ஆய்வுகள் 6-இலிருந்து 47% வரை சொல்வதால் அளவை அறுதியிட முடியாது. 2016-இல் 21 நாடுகளின் 77 ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் அலசலும் இதயநோய்ச் சேர்க்கை குறைவதற்குச் சான்று உண்டென்றது. மூச்சுநோயிலும் புகைப்போர் எண்ணிக்கையிலும் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்றது. என் கணிப்பும் அதுவே. குறைவு உண்மை. ஹெலினா சொன்ன அளவு உண்மையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

எனக்கு இதில் வருத்தம் ஒன்று உண்டு. மாரடைப்பு எண் இவ்வளவு வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டதால், எந்த இடத்தில் சான்று மலைபோல் நிற்கிறதோ அந்த இடம் இருட்டில் விழுந்துவிட்டது. மதுக்கூடத்தில் வேலை செய்பவரின் மூச்சுக்குழல்தான் அந்த இடம்.

1998 ஜனவரி 1-இல் கலிஃபோர்னியா மதுக்கூடங்களில் தடை வந்தபோது, சான்ஃபிரான்சிஸ்கோவில் மது ஊற்றிக்கொடுக்கும் 53 பேரைத் தடைக்கு முன்பும் பின்பும் பரிசோதித்தார்கள். முன்பு இருமல், இழுப்பு, சளி என்று ஏதாவது ஒன்று 39 பேருக்கு இருந்தது. தடைக்குப் பின் அந்த 39 பேரில் 23 பேருக்கு அந்தத் தொல்லை இல்லாமலே போனது. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து மதுக்கூட ஊழியர்களில், புகைப் பழக்கம் இல்லாதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்ததில் தொல்லை இருந்தவர்கள் ஒரே மாதத்தில் 79%-இலிருந்து 53% ஆனார்கள். எடின்பரோ, அபர்டீன் நகரங்களின் 41 மதுக்கூடங்களில் காற்றை அளந்தார்கள். நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகள் கனமீட்டருக்கு 246 மைக்ரோகிராம் இருந்தது. தடைக்குப் பின் 20. தீபாவளி இரவில் நம் தெருவின் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதை வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், சம்பளத்துக்காகச் சுவாசித்தவர்கள் அவர்கள். நியூயார்க் மாநிலத்தில் இத்தகைய ஊழியர்களின் உமிழ்நீரில் கோட்டினைன் மில்லிலிட்டருக்கு 3.6 நானோகிராமிலிருந்து 0.8-க்கு இறங்கியது.

இங்கே நம்பக எல்லை பற்றிய வழக்கு எதுவும் இல்லை. ஆள் ஒருவரே, முன்பும் அளந்தோம், பின்பும் அளந்தோம். ஃப்ளூவையோ மாத்திரையையோ காரணம் சொல்லிவிட முடியாது. ஒரு தொழிற்சாலையில் ஆஸ்பெஸ்டாஸ் தூசைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தால், அந்த ஊரில் எத்தனை மாரடைப்பு குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. மேசை துடைப்பவருக்கும் கோப்பை கழுவுபவருக்கும் மட்டும் ஏன் இந்தத் தனி நிபந்தனை என்பது எனக்கு விளங்கவில்லை.

இனி கல்லாப்பெட்டிக்கு வருவோம். தடையை எதிர்த்தவர்களின் பெரிய ஆயுதம் இதுதான். கதையின் வேர் பெவர்லி ஹில்ஸில் இருக்கிறது. 1987-இல் அந்தப் பணக்கார ஊர் உணவகங்களில் புகையைத் தடைசெய்தது. உடனே பெவர்லி ஹில்ஸ் உணவகச் சங்கம் என்ற ஒன்று எழுந்து, வியாபாரம் 30% படுத்துவிட்டதென்று கூக்குரலிட்டது. சில மாதங்களிலேயே நகரமன்றம் பின்வாங்கியது. பிறகு விற்பனை வரிக் கணக்கை எடுத்துப் பார்த்தால் அந்தக் காலாண்டில் வியாபாரம் குறையவே இல்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் 30% என்ற எண் அதற்குள் ஊர் ஊராகப் போய்விட்டது. அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்த உணவகக்காரர் பேரி ஃபோகல் 1994-இல் நியூயார்க் நகரமன்றத்துக்கு உண்மையை எழுதினார்: சட்டத்துக்கு முன் அப்படி ஒரு சங்கமே கிடையாது, கூட்டிவைத்தது புகையிலைத் தொழில்.

2003-இல் ஸ்கோலோவும் கிளான்ட்ஸும் மற்றவர்களும் உலகெங்கும் வெளியான 97 பொருளாதார ஆய்வுகளைச் சல்லடையில் இட்டார்கள். வியாபாரம் பாதிக்கப்படும் என்று முடிவுகட்டிய ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்குப் புகையிலைத் தொழிலின் பணம் இருந்தது. வரிக் கணக்கு போன்ற திடமான தரவைக் கையாண்ட தரமான ஆய்வு எதுவும் பாதிப்பைக் காணவில்லை.

இத்தோடு வழக்கு முடிந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் தடையின் ஆதரவாளர்களும் கணக்கில் கொஞ்சம் கை வைத்தவர்களே. நியூயார்க் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேயர் புளூம்பர்க் கொண்டுவந்த தடை 2003 மார்ச் 30-இல் அமலானது. ஓராண்டு முடிவில் நகராட்சி வெளியிட்ட அறிக்கை, மதுக்கூடம், உணவகங்களிலிருந்து வந்த வரி 8.7% கூடியது, 10,600 வேலைகள் பெருகின, 97% இடங்கள் சட்டத்தை மதிக்கின்றன என்றது. எண்கள் பொய்யல்ல. ஆனால் ஒப்பிட்ட முந்திய ஆண்டு எது? 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் நகரமே துவண்டு கிடந்த காலம். அந்தப் பள்ளத்திலிருந்து பார்த்தால் எதுவும் ஏற்றமாகத்தான் தெரியும். தவிர, மூலைக்கடை மதுக்கூடமும் பிள்ளைகுட்டியோடு போகும் பர்கர் கடையும் ஒரே கூட்டலில் சேர்ந்திருந்தன. முதியவர்கள் நாள் முழுக்கப் பீரும் சிகரெட்டுமாக உட்கார்ந்திருந்த சிறு மதுக்கூடங்களில் சிலவாவது அடிபட்டிருக்கும். மொத்தக் கூட்டலுக்குள் அது கரைந்துவிடும். நஷ்டமே இல்லை என்று சாதிப்பதைவிட, சிலருக்கு நஷ்டம், மொத்தத்தில் இல்லை என்பது நேர்மை.

நியூயார்க்கில் புகைப்போர் எண்ணிக்கையும் குறைந்தது. 2002-இல் பெரியவர்களில் 21.5%, 2004-இல் 18.4%. ஆனால் 2002 ஜூலையில்தான் நகரின் சிகரெட் வரி பெட்டிக்கு 8 சென்டிலிருந்து 1.50 டாலராக எகிறியிருந்தது. 2003-இல் சுகாதார ஆணையர் தாமஸ் ஃப்ரீடன் ஆயிரக்கணக்கானோருக்கு நிக்கோட்டின் பட்டைகளை இலவசமாக அனுப்பினார். மூன்று பேர் தள்ளிய வண்டியில் யார் தள்ளியதால் நகர்ந்தது என்பது போன்ற கேள்வி இது. நகராட்சியைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே தேவையில்லை, வண்டி நகர்ந்தால் போதும். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் செய்யப்போகும் வேறொரு ஊருக்கோ அது மிகவும் தேவை.

எதிர்பாராத பக்கவிளைவுகளையும் தேடினார்கள். கடைக்குள் புகைக்க முடியாதவர் வீட்டில் வந்து பிள்ளை முன்னால் ஊதித்தள்ளுவாரே என்பது பெரிய பயம். அமெரிக்கத் தரவை வைத்து அப்படித்தான் நடக்கிறது என்று பொருளியலாளர் இருவர் 2010-இல் வாதிட்டார்கள். ஆனால் ஸ்காட்லாந்தில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளின் உமிழ்நீரை நேரடியாகச் சோதித்தபோது, தடைக்குப் பின் கோட்டினைன் 39% குறைந்திருந்தது. அங்கே ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேரும் சிறுவர் எண்ணிக்கை தடைக்கு முன் ஆண்டுக்கு 5% அளவில் ஏறிக்கொண்டிருந்தது; பின்னர் ஆண்டுக்கு 18% வீதம் இறங்கியது. வெளியே விட்ட பழக்கத்தை வீட்டிலும் விட்டார்கள் என்றே தோன்றுகிறது. இன்னொரு பக்கவிளைவு கொஞ்சம் நம்பும்படியாகவே இருக்கிறது. தடையுள்ள ஊரிலிருந்து தடையில்லாத பக்கத்து ஊருக்குக் காரோட்டிப்போய்க் குடித்துவிட்டுத் திரும்புபவர்களால் உயிரிழப்பு விபத்துகள் கூடியதாக ஆடம்ஸ், கோட்டி இருவரும் 2008-இல் எழுதினார்கள். நகரம் மட்டும் தனியாகத் தடை போடுவதன் சிக்கல் இதில் தெரிகிறது. எல்லைக்கோடு இருக்கும்வரை அதைத் தாண்டுவதற்கும் ஆள் இருக்கும்.

நம் நாட்டுக்கு வந்தால் இந்த அளவைக் கருவிகள் அநேகமாகப் பெட்டியிலேயே கிடக்கின்றன. பொது இடங்களில் புகைக்கத் தடை 2003 சட்டத்திலேயே உண்டு. அதன் புதிய விதிகள் 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் அமலாயின. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். 30 அறையோ அதற்கு மேலோ உள்ள விடுதியும் 30 இருக்கையோ அதற்கு மேலோ உள்ள உணவகமும் தனிப் புகை அறை வைத்துக்கொள்ளலாம்.  தேநீர்க்கடையும் பெட்டிக்கடையும் உள்ளா வெளியா என்பதே நம் தெருக்களில் தெளிவில்லை. பாதிக் கூரை, பாதி வானம், தூணில் கங்கு மின்னத் தொங்கும் கயிறு, பக்கத்தில் பெஞ்சில் பள்ளிக்கூடப் பையன்.

தேசிய அளவில் எடுத்த இரண்டு பெரிய கணக்கெடுப்புகள் ஒரு தடயம் தருகின்றன. 2009-10-க்கும் 2016-17-க்கும் இடையே புகையிலை பயன்படுத்தும் பெரியவர்கள் 34.6%-இலிருந்து 28.6% ஆகக் குறைந்தார்கள். வீட்டுக்குள் பிறர் புகைக்கு ஆளாவோர் 52%-இலிருந்து 39% ஆனார்கள். ஆனால் சட்டம் நேரடியாகக் கைவைத்த இடமான பணியிடக் கூரைக்குக் கீழே? இரண்டு கணக்கெடுப்பிலும் ஏறத்தாழ 30%. அசையவே இல்லை. சட்டம் எட்டாத வீடு மாறியிருக்கிறது, சட்டம் எழுதப்பட்ட அலுவலகமும் பட்டறையும் அப்படியே இருக்கின்றன. இங்கே மாரடைப்பை எண்ணப் புறப்பட்டால், இல்லாத தடையின் விளைவை அளந்தவர்கள் ஆவோம். முதலில் ஒரு நுண்துகள் மானியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான்கு மதுக்கூடத்தில் போய் உட்கார வேண்டும். டாஸ்மாக் கடையை ஒட்டிய கூடத்தில் கிளாஸ் கழுவும் பையனின் உமிழ்நீரை, அவன் சம்மதத்தோடு, ஒரு குப்பியில் வாங்க வேண்டும். செலவு அதிகமில்லை.

ஹெலினாவில் என்ன ஆயிற்று? 2005 அக்டோபரில் மொன்டானா மாநிலமே உள்ளரங்கப் புகைக்குத் தடை கொண்டுவந்தது. ஆனால் மதுக்கூடங்களுக்கும் சூதாட்டக் கூடங்களுக்கும் நான்காண்டு விலக்கு தந்தது. 2009 அக்டோபர் 1-இல்தான் அந்தக் கதவுகளுக்குள் சட்டம் நுழைந்தது. 2002-இல் ஆறு மாதம் தெளிந்த காற்றில் வேலை பார்த்துவிட்டு மறுபடி புகைக்குள் திரும்பிய ஹெலினா மதுக்கூட ஊழியர்கள், ஏறக்குறைய ஏழு ஆண்டு காத்திருந்தார்கள்.